மறந்த சொல்லும் மறவாத கருவியும்

பூட்டு என்று ஒன்று இருந்தால் சாவி என்று ஒன்று இருந்தே தீரும். சாவி என்று ஒன்று இருந்தால் அது ஒருநாள் காணாமற் போவதும் உண்டு. இரும்புச் சாவி தொலைந்தால் பூட்டுத் திருத்துபவரை அழைக்கிறோம். ஒரு சொல்லே சாவியாக இருந்து, அந்தச் சொல்லும் மறந்துபோனால் யாரை அழைப்பது? இக்காலத்து இல்லங்கள் பலவற்றில் எழும் கேள்வி இது.

இணையத்தைக் கம்பியின்றி வீடெங்கும் பரப்பும் முறைக்கு வைஃபை என்று பெயர். சுவரோரத்தில் சிறு விளக்குகள் மின்ன அமர்ந்திருக்கும் ரூட்டர் என்னும் பெட்டியே அதைப் பரப்புகிறது. அப்பெட்டியோடு கைப்பேசி முதன்முறை உறவுகொள்ளும்போது கடவுச்சொல் ஒன்றைக் கேட்கும். அதை ஒருமுறை இட்டுவிட்டால் போதும். பின்னர்க் கைப்பேசி அச்சொல்லைத் தானே நினைவில் வைத்துக்கொண்டு நாள்தோறும் நம்மைக் கேளாமலே இணைந்துகொள்ளும். இந்த வசதியே மறதிக்கும் காரணமாகிறது. வாயாற் சொல்லாத சொல்லும் கையால் எழுதாத சொல்லும் நெஞ்சில் நிலைப்பதில்லை. ஈராண்டோ மூவாண்டோ கழித்துப் புதிய கைப்பேசி ஒன்று வீட்டுக்கு வரும்போதுதான், அச்சொல் யாருக்கும் தெரியவில்லை என்பது தெரியவருகிறது.

பிறந்த மண்ணை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இதைச் சிறு தொல்லை என்று தள்ளிவிட இயலாது. கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றியும் ராஷ்பிஹாரி நிழற்சாலையை ஒட்டியும் தலைமுறை தலைமுறையாக வாழும் தென்னாட்டுக் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் படிப்புக்கும் பணிக்குமாகப் பெங்களூருக்கோ கடல் கடந்தோ போய்விடுகிறார்கள். முதியோர் இருவர் மட்டும் வீட்டில் இருப்பார்கள். பேரக்குழந்தையின் முகத்தைக் காண்பதும், ஊரிலுள்ள உறவினரோடு தாய்மொழியில் நாலு வார்த்தை பேசுவதும், மருந்துக்கடைக்குப் பணம் செலுத்துவதும் அந்தச் சிறு பெட்டியின் வழியாகவே நடைபெறுகின்றன. ரூட்டரைப் பொருத்தியவன் மகன். சொல்லைத் தேர்ந்தவனும் அவனே. அவன் இப்போது அருகில் இல்லை. ஒரு சொல் மறந்தால் ஒரு வழியே அடைபட்டுவிடுகிறது.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் வழியை ஆராயப் புகுந்தால், கொல்கத்தா நகரத்தின் வரலாறே நமக்குத் துணைக்கு வருகிறது. ஒரு நாடு முழுவதும் மறந்துவிட்ட திறவுகோல் மீட்கப்பட்டது இந்நகரத்தில். சுவரைத் துளைத்துச் செல்லும் கம்பியில்லா அலையை நம் நாட்டு மக்கள் முதன்முதலாக அறிந்ததும் இந்நகரத்தில். இவ்விரண்டையும் அறிந்துகொண்டால், கைப்பேசியிலிருந்து கடவுச்சொல்லை மீட்பது எவ்வாறு என்பதும், அது ஏன் இயல்கிறது என்பதும் தெளிவாகும்.

நாடு மறந்த எழுத்து

1356-ஆம் ஆண்டில் தில்லிச் சுல்தான் பிரோஸ்ஷா துக்ளக், தோப்ரா என்ற ஊரில் நின்ற பெரிய கல்தூண் ஒன்றைப் பெயர்த்துத் தில்லிக்குக் கொண்டுவந்தார். தூணின் மேல் வரிவரியாக எழுத்துகள் இருந்தன. கற்றோர் பலரை அழைத்துப் படிக்கச் சொன்னார். ஒருவராலும் படிக்க இயலவில்லை. ஒரு காலத்தில் நாடெங்கும் மக்கள் படித்த எழுத்து அது. கல் அழியவில்லை, எழுத்தும் தேயவில்லை. அதைப் படிக்கும் அறிவு மட்டும் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கைமாறாமல் போயிற்று.

அதற்கு ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்குப் பின்னர், கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்ஸெப் என்பவர் அந்தப் புதிருக்கு விடைதேட முற்பட்டார். 1819-இல் இந்தியாவுக்கு வந்த அவர் நாணயச்சாலையில் உலோகத்தின் தரம் சோதிக்கும் அதிகாரி. 1784-இல் வில்லியம் ஜோன்ஸ் நிறுவிய ஆசியக் கழகத்தின் செயலாளராகவும் பணிபுரிந்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கல்வெட்டுப் படிகளும் பழங்காசுகளும் அவரை நாடி வந்தன. தூண்களிலுள்ள எழுத்துகளைத் தனித்தனியே எண்ணி, எது எத்தனை முறை வருகிறது என்று அவர் பட்டியல் இட்டுப் பார்த்தார். எழுத்துகளின் அமைப்பு ஓரளவு விளங்கிற்று, ஒலிப்பு விளங்கவில்லை. வெறும் எண்ணிக்கையால் பூட்டு திறக்கவில்லை.

இரண்டு உதவிகள் வந்தன. 1836-இல் கிறிஸ்டியன் லாஸன் என்னும் அறிஞர், அகதாக்ளிஸ் என்ற மன்னனின் நாணயத்தை ஆராய்ந்தார். அதன் ஒரு பக்கத்தில் கிரேக்க எழுத்தும் மறுபக்கத்தில் அந்தப் பழைய எழுத்தும் இருந்தன. அதனால் மன்னன் பெயரிலுள்ள சில எழுத்துகள் பிடிபட்டன. மற்றோர் உதவி சாஞ்சியிலிருந்து வந்தது. அங்குள்ள தூபத்தைச் சூழ்ந்த கல்வேலியில் சிறுசிறு வாசகங்கள் பல பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றின் படிகள் 1837-இல் பிரின்ஸெப்பின் கைக்கு வந்தன. ஒன்றோடொன்று தொடர்பில்லாத அந்த வாசகங்களில் மிகப் பல ஒரே சொல்லில் முடிவதை அவர் கண்டார். கோயிலுக்குப் பொருள் வழங்கியோர் தம் பெயரைப் பொறிப்பது நம் நாட்டு வழக்கம். அவ்வாறாயின் எல்லா வாசகங்களின் இறுதியிலும் வரக்கூடிய சொல் எது? தானம் என்னும் சொல்லாகத்தான் இருக்கவேண்டும். அந்த ஊகம் பொருந்திற்று. இரண்டெழுத்து உறுதியானதும் அவற்றைப் பற்றிக்கொண்டு மற்றவற்றையும் அவர் அறிந்தார். தில்லித் தூண் பேசத் தொடங்கியது. அதில் வரும் பியதசி என்னும் மன்னர் அசோகரே என்பதை, இலங்கையில் அரசுப் பணியிலிருந்த ஜார்ஜ் டர்னர் பாலிமொழி நூல்களின் துணையால் அதே 1837-இல் எடுத்துக்காட்டினார்.

இங்கே நாம் கருதவேண்டியது ஒன்று உண்டு. பிரின்ஸெப் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. மறந்துபோன திறவுகோல் இன்னும் எங்கே பயன்பட்டுக்கொண்டிருந்த தடயம் இருக்கிறது என்று தேடினார். நாணயத்தின் ஒரு பக்கத்திலும் கல்வேலியின் ஒரு மூலையிலும் அது பத்திரமாக இருந்தது. மனிதர் மறந்ததைப் பொருள் மறக்கவில்லை. உடல்நலம் குன்றி 1838-இல் தாய்நாடு திரும்பிய அவர், 1840-இல் நாற்பதாம் வயதில் காலமானார். ஹூக்ளி நதிக்கரையில் அவர் பெயர் தாங்கி நிற்கும் படித்துறையை இன்றும் காணலாம்.

சுவர் கடந்த அலை

அதே ஆசியக் கழகத்தில் 1895-ஆம் ஆண்டு மே மாதம் மற்றோர் ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கப்பெற்றது. மின்கதிர்கள் சில படிகங்களினூடே செல்லும்போது எவ்வாறு மாறுகின்றன என்பது அதன் பொருள். எழுதியவர் மாநிலக் கல்லூரி எனப்பட்ட பிரசிடென்ஸி கல்லூரியின் பௌதிகப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ். அவ்வாண்டிலேயே கல்கத்தா நகர மண்டபத்தில் பொதுமக்கள் காண அவர் ஒரு சோதனை செய்து காட்டினார். ஓர் அறையில் எழுப்பிய மின்காந்த அலை, இடையிலிருந்த சுவர்களைக் கடந்து ஏறக்குறைய 75 அடி தொலைவு சென்று, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தது. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது. இடையே கம்பி ஏதும் இல்லை.

போஸ் கையாண்ட அலைகள் மிகக் குறுகியவை. அவற்றுள் சிலவற்றின் நீளம் 5 மில்லிமீட்டர் மட்டுமே. வினாடிக்கு 6,000 கோடி அதிர்வு கொண்டவை. நம் வீட்டு ரூட்டரிலிருந்து வெளிவரும் அலையின் அதிர்வு பெரும்பாலும் வினாடிக்கு 240 கோடியாகவோ 500 கோடியை ஒட்டியோ இருக்கும். முன்னதன் நீளம் ஏறத்தாழ பன்னிரண்டரை சென்டிமீட்டர், பின்னதன் நீளம் ஆறு சென்டிமீட்டர் அளவு. ஆக, இன்றைய வைஃபை அலையும் போஸின் அலையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1897-ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனிலும் அவர் இச்சோதனைகளை விளக்கினார். தம் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெற்றுப் பொருள் ஈட்ட அவர் விரும்பியவர் அல்லர். நண்பர்கள் வற்புறுத்தியதால் பதிவுசெய்த ஒன்று மட்டும் 1904-இல் அமெரிக்காவில் வழங்கப்பெற்றது. 1917-இல் கல்கத்தாவில் அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது.

போஸின் சோதனையில் ஒரு குறிப்பு அடங்கியிருக்கிறது. அலை சுவரைக் கடந்தது என்று கண்டோர் வியந்தனர். சுவரைக் கடக்கும் அலைக்கு இது என் வீடு, அது அயல்வீடு என்ற வேற்றுமை தெரியாது. செய்தி அனுப்புவதற்கு அது பெரும் நன்மை. செய்தியை மறைப்பதற்கு அதுவே இடையூறு.

வானொலிக்கு இந்த இடையூறு இல்லை. 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26-ஆம் நாள் இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் கல்கத்தா நிலையம் தொடங்கியபோது, அதன் ஒலி எல்லார் வீட்டிலும் கேட்கவேண்டும் என்பதே நோக்கம். எல்லார்க்கும் உரிய ஒலிக்குப் பூட்டு எதற்கு? கைப்பேசியின் நிலை வேறு. 1995-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 31-ஆம் நாள், கல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு, தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் கைப்பேசியிற் பேசினார். இந்தியாவின் முதற் கைப்பேசி உரையாடல் அதுவே. போஸின் நகர மண்டபச் சோதனைக்குப் பின்னர் ஏறத்தாழ நூறாண்டு கழிந்திருந்தது. அன்று முதல் கம்பியில்லா அலை தனி மனிதரின் உரையாடலையும் சுமக்கலாயிற்று. தனி மனிதரின் உரையாடலுக்கு மறைவு வேண்டும். மறைவுக்குப் பூட்டு வேண்டும்.

அலைக்குப் பூட்டு

சொல்லைச் சாவியாகப் பயன்படுத்துவது புதிய வழக்கம் அன்று. ரோமானியப் படையில் இரவுக் காவலுக்குரிய குறிச்சொல் ஒரு மரப்பலகையில் எழுதப்பட்டு, அணியிலிருந்து அணிக்குக் கைமாறி, இருள் சூழுமுன் தலைவனிடம் திரும்பவேண்டும் என்று பாலிபியஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். பலகை திரும்பாவிட்டால் எங்கே தங்கிற்று என்று உடனே விசாரணை நடக்குமாம். கணிப்பொறிக்கு வந்த கடவுச்சொல் 1960-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் அமைந்த கணிப்பொறி ஏற்பாட்டில், ஒரே பொறியைப் பலர் பங்கிட்டுக்கொண்டனர். ஒருவர் கோப்பை மற்றவர் காணாதிருக்க ஆளுக்கொரு சொல் வழங்கப்பட்டது. அந்த ஏற்பாட்டிலேயே ஒருமுறை, நிகழ்ந்த பிழை ஒன்றால், கடவுச்சொற்கள் அடங்கிய பட்டியல் முழுவதும் வரவேற்புச் செய்தியாக எல்லார் முன்னும் தோன்றிவிட்டது. பூட்டு பிறந்த இடத்திலேயே அதன் பலவீனமும் பிறந்துவிட்டது எனலாம்.

வைஃபைக்குரிய பொது விதிகள் 1997-இல் வெளிவந்தன. வைஃபை என்னும் பெயர் 1999-இல் ஏற்பட்டது. முதலில் அதற்கு இட்ட பூட்டு வலுவற்றது. அதை உடைக்கும் வழியை அறிஞர்கள் 2001-இல் எடுத்துக்காட்டினர். 2003-இல் அதைவிட மேலான ஒரு பூட்டும், 2004-இல் இன்றும் பல வீடுகளில் விளங்கும் டபிள்யு.பி.ஏ. 2 என்னும் பூட்டும் வந்தன. 2018-இல் அதற்கடுத்த மூன்றாம் முறை வெளியாயிற்று.

இப்பூட்டு வேலை செய்யும் விதம் அறியத்தக்கது. நாம் இடும் கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். கைப்பேசி அச்சொல்லையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து, மாவு பிசைவதைப்போல 4,096 முறை கணக்கால் பிசைந்து, நீண்ட திறவெண் ஒன்றை உருவாக்குகிறது. ரூட்டரும் தன்னிடத்திலுள்ள சொல்லைக் கொண்டு அவ்வாறே செய்கிறது. பின்னர் இரண்டும் புதிய எண்களை ஒன்றுக்கொன்று அனுப்பி, விடைகளை ஒப்பிட்டு, இருவரிடத்தும் இருப்பது ஒரே திறவெண்தான் என்று தெளிகின்றன. இந்த உரையாடலில் கடவுச்சொல் ஒருபோதும் வெளியே சொல்லப்படுவதில்லை. காற்றில் அது பறப்பதில்லை. ஆதலால் காற்றிலிருந்து அதை நேரே பிடிக்கவும் முடியாது. அந்த எண்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக ஊகித்துப் பார்க்கலாம். அதனாலேயே வீட்டுத் தொலைபேசி எண்ணையோ குழந்தையின் பெயரையோ கடவுச்சொல்லாக வைத்தல் தகாது.

அப்படியானால் மறந்த சொல் எங்கே இருக்கிறது? நாள்தோறும் அதைப் பயன்படுத்தும் இரு கருவிகளிடத்தில் இருக்கிறது. ஒன்று ரூட்டர், மற்றொன்று முன்பே இணைந்த கைப்பேசி. பிரின்ஸெப் நாணயத்தையும் கல்வேலியையும் நாடியதைப்போல நாமும் இவற்றை நாடவேண்டும்.

கைப்பேசியிடம் கேட்பது

ஏற்கெனவே இணைந்துள்ள கைப்பேசி ஒன்று வீட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 2019-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10 முதலாக இதற்கு எளிய வழி ஏற்பட்டிருக்கிறது. கைப்பேசியின் அமைப்புகள் பகுதியைத் திறந்து, வைஃபை பற்றிய பிரிவுக்குச் சென்று, இணைந்திருக்கும் வைஃபையின் பெயரைத் தொட்டால் பகிர் என்னும் பொத்தான் தோன்றும். அதை அழுத்தியவுடன், நீர்தாமே உரியவர் என்பதை விரல்ரேகையாலோ ரகசிய எண்ணாலோ மெய்ப்பிக்கும்படி கைப்பேசி கேட்கும். மெய்ப்பித்த பின்னர்ச் சதுரமான புள்ளிக்கட்டம் ஒன்று திரையில் தோன்றும். பல கைப்பேசிகளில் அதன் அடியிலேயே கடவுச்சொல் எழுத்துகளாகவும் காணப்படும். புதிய கைப்பேசியின் ஒளிப்படக் கருவியை அக்கட்டத்தின்மேல் காட்டினால், சொல்லைத் தட்டச்சுச் செய்யாமலே அது இணைந்துவிடும்.

ஐபோன் வைத்திருப்போர்க்கு 2022-இல் வெளிவந்த ஐ.ஓ.எஸ். 16 முதலாக இவ்வசதி உண்டு. அமைப்புகளில் வைஃபை பகுதிக்குச் சென்று, இணைந்த பெயரின் பக்கத்திலுள்ள சிறு வட்டக்குறியைத் தொட்டால் கடவுச்சொல்லுக்குரிய வரி கரும்புள்ளிகளாய்த் தெரியும். அவ்வரியைத் தொட்டு முகத்தையோ ரகசிய எண்ணையோ காட்டினால் புள்ளிகள் எழுத்துகளாக மாறும்.

மேலே சொன்ன சதுரக்கட்டத்துக்குக் கியூ.ஆர். குறி என்று பெயர். ஜப்பானில் டென்ஸோ வேவ் நிறுவனத்தைச் சேர்ந்த மசஹிரோ ஹாரா தம் குழுவினரோடு 1994-இல் இதை உருவாக்கினார். மோட்டார் வாகன உறுப்புகளைக் கணக்கிட எழுந்த இக்குறி, இன்று தேநீர்க்கடை முதல் காய்கறித் தட்டு வரை பணம் செலுத்தப் பயன்படுகிறது. குறியின் ஒரு பகுதி அழுக்கானாலும் கிழிந்தாலும் எஞ்சியதைக்கொண்டு செய்தி முழுவதையும் மீட்கும் கணக்கு இதில் அமைந்துள்ளது. மிக வலுவான வகையில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கு சிதைந்தாலும் படித்துவிடலாம். வைஃபைக் குறியில் வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் மறைக்கப்படாத எழுத்துகளாகவே அடங்கியுள்ளன. கைப்பேசி சொல்லை எழுத்தாகக் காட்டாவிட்டால், அக்குறியை மற்றொரு கைப்பேசியாற் படம்பிடித்து, குறிகளைப் படிக்கும் செயலியிற் காட்டிச் சொல்லைப் படித்துக்கொள்ளலாம். இந்த நன்மைக்குள் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அக்குறியின் படத்தைப் பலர் காணும் குழுவில் இடுவது வீட்டுச் சாவியைத் தெருவாசலில் மாட்டுவதற்கு ஒப்பாகும்.

வீட்டில் இணைந்த கைப்பேசி ஒன்றும் இல்லையே என்று கலங்கவேண்டியதில்லை. சென்ற விடுமுறைக்கு வந்து இதே வைஃபையைப் பயன்படுத்திச் சென்ற மகனோ மகளோ இருப்பார்களல்லவா? அவர்களுடைய கைப்பேசியிலும் அச்சொல் உறங்கிக்கொண்டிருக்கிறது. பல ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளில் சேமித்த வைஃபைகளின் பட்டியல் தனியே உண்டு. ஐபோனிலும், வைஃபை பகுதியின் மேலேயுள்ள திருத்து என்னும் பொத்தானை அழுத்த அப்பட்டியல் கிடைக்கும். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தபடியே அவர்கள் சொல்லைப் பார்த்துத் தொலைபேசியிற் சொல்லிவிட முடியும். ஊர் விட்டு ஊர் வாழும் குடும்பங்களுக்கு இது பெரிதும் உதவும் வழி.

அதுவும் இயலாதபோது ரூட்டரை நாடவேண்டும். அதன் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் சீட்டில், தொழிற்சாலையில் இட்ட வைஃபைப் பெயரும் கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். யாரும் மாற்றாதிருந்தால் அதுவே வேலை செய்யும். மாற்றியிருந்தால், இறுதி வழி ஒன்று உண்டு. பெட்டியின் பின்னே ஊசி நுழையுமளவு சிறு துளை இருக்கும். அதனுள் உள்ள பொத்தானைச் சுமார் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் ரூட்டர் தன் பிறந்தநாள் நிலைக்குத் திரும்பிச் சீட்டிலுள்ள சொல்லை ஏற்கும். ஆனால் இணையம் வழங்கும் நிறுவனத்தார் அதனுள் இட்டுவைத்த கணக்குப் பெயரும் அதனோடு அழிந்துபோகலாம். அப்போது வைஃபை இருக்கும், இணையம் இராது. ஆகவே, நிறுவனத்தாரிடம் அவ்விவரங்களைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளாமல் அந்தத் துளையில் ஊசியை நுழைக்கலாகாது. கல்வெட்டைப் படிக்க முடியவில்லை என்று கல்லைச் செதுக்கி மழித்துவிடுவதைப் போன்றது அது.

பிறர் பூட்டும் நம் கையும்

இவ்வழிகள் எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கு இருப்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். கைப்பேசி முதலில் நம்மை அடையாளம் காட்டச் சொல்கிறது. ரூட்டரின் சீட்டைப் படிக்கவேண்டுமாயின் நாம் அந்த வீட்டுக்குள் இருக்கவேண்டும். உரியவர் தம் சொல்லை மீட்க வழி உண்டு. அயலார் கவர வழி இல்லை. அண்டை வீட்டு வைஃபையைத் திறந்து தருவதாகக் கூறும் செயலிகள் பல உலவுகின்றன. அவற்றை நம்பிக் கைப்பேசியிலே ஏற்றுவோர், பிறர் பூட்டைத் திறக்கப் போய்த் தம் வீட்டுக் கதவைத் திறந்துவிடும் நிலைக்கு ஆளாகக்கூடும். மேலும், உரியவர் இசைவின்றி அவருடைய கணிப்பொறி இணைப்பினுள் நுழைவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 ஆகிய பிரிவுகளின்கீழ் வரும் குற்றம். பக்கத்து வீட்டாரிடம் கேட்டுப் பெறுவது உறவு. கேளாமற் கொள்வது களவு. அந்நிய ஊரில் வாழ்வோர்க்கு அண்டை வீட்டாரின் நல்லெண்ணம் இணையத்தைவிடப் பெரிய செல்வம் என்பதையும் சொல்லவேண்டுமோ?

இருவர் அறிந்த சொல்

கல்கத்தாவில் அசோகர் எழுத்துக்குத் திறவுகோல் கிடைத்ததால் தமிழர்க்கு என்ன பயன் என்று கேட்கலாம். அசோகரின் பாறைக் கல்வெட்டுகளைப் படித்தபோது, அவருடைய ஆட்சி எல்லைக்கு அப்பால் வாழ்ந்தோராகச் சோழரும் பாண்டியரும் சத்தியபுத்திரரும் கேரளபுத்திரரும் குறிக்கப்பெற்றிருப்பது தெரியவந்தது. தமிழ்நாட்டு மலைக்குகைகளிலும் அதே இனத்து எழுத்துகள் இருந்தன. அவற்றின் மொழி தமிழே என்பதை 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். சத்தியபுத்திரர் யார் என்பது மட்டும் நெடுங்காலம் விளங்காமல் இருந்தது. 1981-இல் திருக்கோவிலூர் வட்டாரத்தைச் சேர்ந்த ஜம்பையில் ஒரு குகைக் கல்வெட்டு கிடைத்தது. அதியமான் நெடுமான் அஞ்சி சத்தியபுத்திரன் என்னும் பெயரோடு அதில் காட்சி தந்தான். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளலின் மரபு, ஹூக்ளிக் கரையில் மீண்ட திறவுகோலால் மெய்ப்படலாயிற்று.

ஆயினும் இந்த மகிழ்ச்சிக்குப் பின்னே ஒரு துயரமும் நிற்கிறது. அந்த எழுத்தை வாசிக்கும் அறிவு இடைவிடாமல் கைமாறி வந்திருந்தால், இத்தனை நூற்றாண்டுகள் அந்தக் கல்வெட்டுகள் ஊமையாக நின்றிருக்கமாட்டா. மீட்பது அருஞ்செயலே, ஆனால் இழக்காதிருத்தல் அதனினும் எளிது. வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லுக்கும் இதுவே பொருந்தும். அதைக் கைப்பேசியிலிருந்து மீட்டவுடன் நல்லெழுத்தில் ஒரு தாளில் எழுதுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் குறியுங்கள். ரூட்டரின் கணக்குப் பெயர், இணைய நிறுவனத்தின் தொலைபேசி எண், கடைசியாக மாற்றிய நாள் ஆகியவற்றையும் அதனோடு சேர்த்து, வீட்டு வரிச்சீட்டும் எரிவாயுப் புத்தகமும் இருக்கும் இடத்திலே வையுங்கள். குடும்பத்தில் இருவராவது அவ்விடத்தை அறிந்திருக்கட்டும். அவர்களுள் ஒருவர் ஊரிலேயே தங்கியிருக்கும் முதியவராக இருக்கட்டும். சொல்லை முதியோர்க்கு அறிவியாமல் இளையோர் தாமே காத்துக்கொள்வது, அன்பினால் செய்ததாயினும் பயனில் தீங்காகவே முடிகிறது.

ரோமானியத் தலைவன் மாலைதோறும் பலகை திரும்பியதா என்று கேட்டான். நாமும் ஆண்டுக்கு ஒருமுறையேனும், பொங்கலுக்கு வீடு தூய்மை செய்யும் நாளிலோ வங்காளத்துப் பூஜை விடுமுறையிலோ, அந்தத் தாள் இருக்கிறதா, அதிலுள்ள சொல் இன்னும் திறக்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். அதற்கு ஐந்து நிமிடம் போதும். தொலைவில் இருப்போரின் குரல் தடையின்றி வீட்டுக்கு வந்துசேர அந்த ஐந்து நிமிடம் உதவும்.